அஞ்சு மணித்தியாலத்து மூத்திரம்

எங்கட மனுசனப் பத்திக் கதைக்கிறதுன்டா முதல்ல அவர்ட கையப் பத்தித்தான் சொல்லணும். மிளகு மூட்டை ஒன்ட அவருக்கு முன்னால கொண்டு வந்து வெச்சா, வாயில கட்டியிருக்கிற கயித்த அவுத்து முழங்கை வரைக்கும் கைய உள்ளுக்கு விடுவாரு. மேல கிடக்கிற மிளக எவனும் காய வெச்சுத்தான் கொண்டு வருவான், அடியில என்ன இருக்குன்டு பாக்கணும்ன்டு சொல்லுவாரு. எல்கடுவயில இருந்து வாற ஆளா இருந்தாலும் சரி, பலாபத்வலயில இருக்கிற சொந்தக்கார ஆளா இருந்தாலும் சரி, "ஒன்னும் ஈரமில்ல நானா"ன்டு சொன்னாப் போதும், இவருக்குச் சந்தேகம் கூடிரும். கைய இன்னும் உள்ளுக்கு விடுவாரு. இதால கோவிச்சுக்கொண்டு போன ஆளுகளும் இருக்காங்க.

அலுவிகாரையில ரோட்டோரமா எங்கட கடை. மிளகு, கராம்பு, சாதிக்காய், கொறக்காப் புளி, அந்தந்தக் காலத்துக்கு வாறத வாங்கிச் சேத்து டவுனுக்கு அனுப்புற வேலை. கடைக்குப் பின்னால வீடு. பதுர்தீன் முதலாளின்டா அந்தப் பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். முதலாளின்டு பேரு மட்டும்தான், மூட்டை தூக்குறதும் அவர்தான், கடை கூட்டுறதும் அவர்தான். நான் ஸுபைதா, அவர்ட பொஞ்சாதி. எங்களுக்கு ஒரே மகள், அஸ்ரா. பாலர் பாடசாலையில படிப்பிக்கிறாள்.

போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகுதான் மனுசன் மெலிய ஆரம்பிச்சாரு. முதல்ல நான் நோன்புல மெலிஞ்சதுன்டு நினைச்சேன். சாப்பாடு கொறையல்ல. ரெண்டு பீங்கான் சோறு சாப்பிடுற மனுசன் அதே ரெண்டு பீங்கான்தான் சாப்பிட்டாரு. ஆனா சாரத்துக்கு மேல கட்டுற பெல்ட்டுல ஆணியச் சுட்டுப் புதுசு புதுசா ஓட்டை போட்டாரு. கன்னம் உள்ளுக்குப் போயிட்டுது. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, சொல்லாட்டி விளங்காது: கக்கூஸ்ல எத்தன வாளி தண்ணி ஊத்தினாலும் போகாது, எண்ணெய் மாதிரி மேல மிதக்கும். அதக் கழுவுறது நான்தானே. கழுவக் கழுவ எனக்குப் பயம் ஏறிக்கொண்டே போச்சு.

ஏன்டா, இதே மாதிரி ஒரு ஆள நான் கண்டிருக்கிறேன். அவர்ட நானா, கூடப் பிறந்த மூத்தவர், அப்துல் ஸமத் மச்சான். அவரும் இப்படித்தான் சாப்பிடச் சாப்பிட மெலிஞ்சாரு. ஒரு டொக்டர் வெறும் கேஸ்ட்ரைட்டிஸ்தான், பயப்பட ஒன்னும் இல்லன்டு சொன்னாரு. இன்னொரு இடத்துல ஒன்னும் இல்ல, யோசிக்காதீங்கன்டு சொன்னாங்க. இன்னொரு இடத்துலயும் அதேதான். கடைசியில வயித்துக்குள்ள கேன்சர்ன்டு கண்டுபிடிச்ச நேரம் அது எல்லா இடத்துக்கும் பரவியிருந்துது. மச்சான் மௌத்தான பிறகு மையத்தக் குளிப்பாட்டினது எங்கட மனுசன்தான். குளிப்பாட்டிட்டு வந்து கதிரையில இருந்து, "தூக்கினேன் ஸுபைதா, பாரமே இல்ல"ன்டு மட்டும் சொன்னாரு. 

இப்ப இவரும் மெலியிறாரு. வீட்டுல மூனு பேர் மனசுலயும் ஒரே விசயம்தான். ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லல்ல. நான்தான் சண்டை பிடிச்சு, அழுது, சாப்பாடு ஆக்க மாட்டேன்டு சொல்லி, கண்டியில இருந்து மாத்தளைக்கு வாற பெரிய டொக்டர்ட்ட கூட்டிக்கொண்டு போனேன்.

நல்ல சிங்கள மனுசன், பொறுமையாக் கதைச்சாரு. "முதலாளி, சாப்பாடு உள்ளுக்குப் போகுது, ஆனா ஒடம்புல சேராம அப்படியே வெளிய போகுது. ஏன்டு பாக்கணும். முதல்ல சிறுகுடல்ட சுவர் நல்லா உறிஞ்சுதான்டு பாப்பம்"ன்டு சொன்னாரு. அதுக்கு ஒரு டெஸ்ட். ஒரு வகச் சீனியத் தண்ணியில கரைச்சுக் குடிக்கத் தருவாங்களாம். சாதாரணச் சீனி மாதிரி ஒடம்பு அதச் செலவழிச்சு முடிக்காதாம். குடல் உறிஞ்சினா ரத்தத்துக்கு வரும், ரத்தத்துல இருந்து மூத்திரத்துல வெளிய வரும். குடல் உறிஞ்சாட்டி ரெண்டுலயும் கொறையும். எனக்கு அது அந்த நேரமே நல்லா விளங்கிச்சு.

பக்கத்து வீட்டு றுக்ஸானாவுக்குத்தான் விளங்கல்ல. சீனி டெஸ்ட்ன்டு கேட்ட உடனே நீரிழிவுன்டு முடிவு கட்டி, அதுக்கு நல்லம்ன்டு ஒரு கட்டு தெபு இலையக் கொண்டு வந்து தந்தாள். இது அந்தச் சீனி இல்லடின்டு எத்தன தரம் சொல்லியும் கேக்கல்ல. கடைசியில நான் அதச் சுண்டி வெச்சேன். மனுசனும் பேசாமச் சாப்பிட்டாரு.

டவுன்ல ஒரு லேப்ல டெஸ்டுக்கு நாள் தந்தாங்க. வெள்ளிக்கிழமை. "வேற நாள் கேப்பமா?"ன்டு நான் கேட்டேன். "டொக்டர் கெதியா எடுக்கச் சொன்னாருதானே"ன்டு இவரே ஓமென்டாரு. முதல் நாள் பழம், ஜேம், கேக் ஒன்னும் தின்னக்கூடாது, ராவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சத்தண்ணி மட்டும். அதெல்லாம் இவருக்கு ஒரு வேலையே இல்ல, நோன்பு பிடிச்சுப் பழகின மனுசன்தானே.

லேப்ல நிரஞ்சனின்டு ஒரு புள்ள. தோட்டத்துப் பக்கத்துப் புள்ள, நல்ல மரியாதை. பெரிய பிளாஸ்டிக் கேன் ஒன்ட இவர்ட கையில குடுத்துச் சொன்னாள்: "ஐயா, இப்ப போய் ஒன்னுக்கு இருந்துட்டு வாங்க, அது வேணாம். அதுக்குப் பிறகு இந்தத் தண்ணியக் குடிக்கணும். குடிச்சதுல இருந்து அஞ்சு மணித்தியாலத்துக்கு வர்றது எல்லாம் இந்தக் கேன்லதான் புடிக்கணும். ஒரு சொட்டுகூட வெளிய போகக்கூடாதுங்க."

இவர் கேட்ட ஒரே கேள்வி, "எத்தன மணிக்கு முடியும் மகள்?"

"எட்டு மணிக்குக் குடிச்சா ஒரு மணிக்கு முடிஞ்சிடுங்க."

நான் அவர்ட முகத்தப் பாத்தேன். வெள்ளிக்கிழமை ஒரு மணின்டா என்ன நேரம்ன்டு எங்கட வீட்டுல பூனைக்கும் தெரியும். ஆனா அவர் அந்த இனிப்புத் தண்ணிய ஒரே இழுப்புல குடிச்சிட்டு, வாயத் துடைச்சிட்டு, வாங்குல வந்து குந்தினாரு. இடையில ரத்தமும் எடுத்தாங்க. கேன ஒரு கறுப்பு ஷொப்பிங் பேக்ல போட்டு, கக்கூஸுக்குப் போகக்குள்ளயும் வரக்குள்ளயும் களவெடுத்த சாமான் மாதிரி மறைச்சு மறைச்சுக் கொண்டு போனாரு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

பள்ளியில பாங்கு சொன்ன உடனே எழும்பிட்டாரு. பேக்க என்ட மடியில வெச்சிட்டு, சேட்டுப் பையில இருந்து தொப்பிய எடுத்தாரு.

"எங்க போறீங்க?"

"எங்க போவாங்க இந்த நேரத்துல? ஜும்ஆவுக்கு."

"இந்த ஒரு நாள் இருங்களேன். நோயாளிக்குச் சலுகை இருக்குதானே. ஜும்ஆவுக்குப் பதிலா லுஹரத் தொழுதுகொள்ளலாம்."

"நான் என்ன படுக்கையிலயா கெடக்கிறேன்? ரெண்டு காலும் நடக்குதுதானே"ன்டு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒரு மனுசன்ட மூத்திரத்த மடியில வெச்சுக்கொண்டு குத்பாப் பிரசங்கம் முடியிற வரைக்கும் காவல் காத்த பொம்பள மாத்தளையில நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். பக்கத்துல இருந்த ஒரு சிங்கள நோனா, "பேக்ல என்ன, சாப்பாடா?"ன்டு வேற கேட்டாங்க. ஓம்ன்டு சொல்லிட்டேன்.

தொழுதிட்டு வேகமாத்தான் வந்தாரு. வந்து கடைசித் தரம் போனதையும் கேன்ல பிடிச்சுக் குடுத்தாரு. நிரஞ்சனி வாங்கி மூடிய இறுக்கிட்டு, "ஐயா, எல்லாம் இதுக்குள்ளதானே? வெளிய எங்கயும் போகலையே?"ன்டு கேட்டாள்.

"எல்லாம் இருக்கு மகள்"ன்டாரு. தலையில தொப்பி அப்படியே இருந்துச்சு.

கொழும்புக்கு அனுப்பிப் பாத்து, ரிப்போட் அஸ்ராட போனுக்கு வந்துச்சு. நான் தேங்காய் திருவிக்கொண்டு இருந்தேன். புள்ள போனப் பாத்துக்கொண்டே நிக்கிறாள், அசையவே இல்ல. "என்னடி?"ன்டு கேட்டுக்கொண்டே எட்டிப் பாத்தேன். இங்கிலீஷ்ல நாலஞ்சு வரி. கீழ் வரி மட்டும் சிவப்புல, பக்கத்துல ஒரு அடையாளம். எங்கட கண்ணெல்லாம் அந்தச் சிவப்புலதான் போய் ஒட்டிச்சு. மேல இருந்த வரி கறுப்புல இருந்துச்சு, அத ஆரு பாத்தது.

"மூத்திரத்துல அந்தச் சீனி நாலு கிராமுக்கு மேல வரணுமாம் உம்மா. வாப்பாவுக்கு ரெண்டே முக்கால்தான் வந்திருக்கு."

"கொறஞ்சா என்னவாம்?"

அதையும் போன்லயே தேடினாள். தேடாம இருந்திருக்கலாம். குடல் உறிஞ்சல்லயாம், அதுக்குக் காரணம் இது இது இதுன்டு ஒரு வரிசை. அந்த வரிசையில கீழ ஒரு இடத்துல கேன்சர்ன்டும் போட்டிருந்துச்சு. வேற எத்தனையோ வருத்தம் எழுதியிருந்துச்சாம், பூச்சி, கிருமி, கோதுமை ஒத்துக்கொள்ளாததுன்டு. எனக்கு அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு காதே கேக்கல்ல. அல்லாவே, அப்துல் ஸமத் மச்சான்ட கதைதான்டு நினைச்சு அப்படியே திருவலையில இருந்துட்டேன்.

கடையில இருந்து மனுசன் வந்தாரு. எங்கட மூஞ்சிகளப் பாத்த உடனே விளங்கிட்டுது. "கொறஞ்சா இருக்கு?"ன்டு கேட்டாரு. அஸ்ரா தலையாட்டினாள். போன வாங்கி, கண்ணாடியப் போட்டு, அந்தச் சிவப்பு வரிய நல்ல நேரமாப் பாத்தாரு. பிறகு போனத் திருப்பிக் குடுத்து, "அப்ப ஏதோ இருக்குதான்"ன்டு மட்டும் சொன்னாரு.

எனக்கு ஆத்திரம் வந்ததே அதுக்குப் பிறகுதான். நானும் புள்ளயும் சோறு எறங்காம மூலைக்கு மூலை அழுறோம், இந்த மனுசன் கைய நல்லாக் கழுவி, கருவாட்டுக் குழம்போட வயிறு நிறையச் சாப்பிட்டாரு. படுத்த உடனே கொறட்டை. மாசக்கணக்கா அவர் அப்படி நித்திரை கொண்டத நான் காணல்ல. கல்லு மனசு, புள்ள அழுறது கூட இவருக்குப் படல்லன்டு எனக்குள்ளயே ஏசிக்கொண்டு கிடந்தேன்.

டொக்டர் வாற நாள் வரைக்கும் எங்களுக்குப் பகலும் இல்ல ராவும் இல்ல. அரிசியில கல்லுப் பொறுக்க உக்காந்தா கண்ணீர்ல கல்லும் தெரியாது, அரிசியும் தெரியாது. ஒரு நாள் காலம்பற கடைக்குப் போனேன். மூட்டை நிறுக்கிற தராசுல மனுசன் ஏறி நிக்கிறாரு. என்னக் கண்ட உடனே இறங்கி, தட்டத் துணியால துடைச்சாரு, துடைக்கத்தான் ஏறினவர் மாதிரி. "எத்தன?"ன்டு கேட்டேன். "தராசு சரியில்ல"ன்டாரு. "தராசு சரியில்லாட்டி இவ்வளவு நாளும் ஊருல உள்ளவனுக்கெல்லாம் கள்ள நிறுவையா நிறுத்தீங்க?"ன்டு கத்திட்டு உள்ளுக்குப் போயிட்டேன். போய் அடுப்பங்கரையில இருந்து அழுதேன்.

டொக்டர்ட்ட போன அன்டைக்கு அஸ்ராவக் கூட்டிக்கொண்டு போகல்ல. நாங்க ரெண்டு பேரும்தான். டொக்டர் ரிப்போட்ட எடுத்து மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. திரும்ப மேலுக்குப் போனாரு. திரும்பக் கீழ.  என்னத்தையாவது சொல்லித் தொலைங்களேன் மாத்தயான்டு கத்தணும் போல இருந்துச்சு.

"முதலாளி, மூத்திரம் எல்லாம் கேன்ல சேத்தீங்களா?"

"ஓம் மாத்தயா, ஒக்கோம"ன்டாரு எங்கட மனுசன், எல்லாம்ன்டு சிங்களத்துல, நல்ல உறுதியா.

டொக்டர் பேனையால மேல் வரியத் தட்டினாரு, நாங்க பாக்காம விட்ட அந்தக் கறுப்பு வரிய. "இங்க பாருங்க. ரத்தத்துல சரியா ஏறியிருக்கு. குடல் உறிஞ்சாட்டி ரத்தத்துல எப்படி ஏறும்? அப்ப குடல் உறிஞ்சியிருக்கு. ரத்தத்துல ஏறினது மூத்திரத்துல வரணும். வரல்ல. அதுக்கு ஒன்டு கிட்னி பழுதா இருக்கணும். உங்கட கிட்னிய முதல் எடுத்த ரத்தத்துலயே பாத்தோம், அது நல்லம். இல்லாட்டி வந்த மூத்திரம் கேனுக்குள்ள வரல்ல. ரெண்டுல ஒன்டு."

எனக்குத் திக்குன்டுது. கேன் என்ட மடியில இருந்துச்சு. மனுசன் பள்ளியில. பள்ளிக்குப் போனா தொழ முதல் கைகால் கழுவி உளூ செய்யாம எப்படி? உளூ செய்ய முதல்ல இந்த மனுசன் எங்க போவாருன்டு முப்பது வருசமா எனக்குத் தெரியாதா? வயித்துல மூத்திரத்த வெச்சுக்கொண்டு தொழுற ஆளா இவரு? வாசல்ல எல்லாரும் காத்துக்கொண்டு நிக்க, முடிச்சிட்டு, கழுவிச் சுத்தமாகித்தான் உளூவுக்கே போவாரு.

"இஞ்ச பாருங்க"ன்டேன். டொக்டர் முன்னால இருக்காருன்டும் பாக்கல்ல. "அன்டைக்குப் பள்ளியில ஒன்னுக்குப் போனீங்களா இல்லியா?"

மனுசன் நிலத்தப் பாத்தாரு. "போனேன்"ன்டாரு.

"அல்லாவே! அந்தப் புள்ள ஒரு சொட்டும் வெளிய போகக்கூடாதுன்டு சொல்லிச்சே!"

"பின்ன என்ன, மூத்திரக் கேனப் பள்ளிக்குள்ள கொண்டு போகச் சொல்றியா? அது நஜீஸ், அசுத்தம்."

"கொண்டு போக வேணாம். வந்து சொல்லியிருக்கலாம்தானே. அவ்வளவு ஆளுகளுக்கு முன்னால வெக்கம்ன்டு வெச்சுக்கொள்ளுவம். ரிப்போட் கொறஞ்சு வந்த நேரம்? அப்பவுமா உங்களுக்கு விளங்கல்ல?"

"விளங்கிச்சு."

 விளங்கிச்சாம். நானும் புள்ளயும் மூலைக்கு மூலை அழுற நேரம், இந்த மனுசனுக்கு அது ஏன் கொறஞ்சதுன்டு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுகொண்டு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருக்காரு. டொக்டர் இல்லாட்டி அந்த மேசையில இருந்த எதையாவது எடுத்து எறிஞ்சிருப்பேன். "ஏன்? எங்கள ஏன் இப்படி அழ வெச்சீங்க?"ன்டு கேட்டேன்.

அவர் டொக்டரப் பாத்து, தெரிஞ்ச சிங்களத்துல தட்டித் தடவிச் சொன்னாரு.

"மாத்தயா, எங்கட நானாவுக்கு மூனு இடத்துல ஒன்னும் இல்லன்டு சொல்லி அனுப்பினாங்க. மூனு தரமும் நான்தான் கூடப் போனேன். மூனு தரமும் சந்தோசமா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அதுலயே காலம் போயிட்டுது. இந்த ரிப்போட்லதான் முதல் தரமா ஏதோ இருக்குன்டு வந்திச்சு. நான் பள்ளியில போனதச் சொன்னா, இதுவும் பிழை, உனக்கு ஒன்னும் இல்ல, வீட்டுக்குப் போன்டு அனுப்பிருவீங்கன்டு பயந்தேன்."

 நான் அவர்ட கையப் பிடிச்சேன். 

டொக்டர் பேனைய வெச்சாரு. "முதலாளி, நீங்களும் இதச் சொல்லாம, இந்த ரத்த வரியும் இல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? குடல்லதான் பிழைன்டு நினைச்சு, குழாய் விட்டு அங்கயே தேடிக்கொண்டு இருந்திருப்பேன். உங்கட நானாவுக்குப் போன மாதிரி உங்களுக்கும் காலம் போயிருக்கும்."

பிறகு எங்க ரெண்டு பேரையும் பாத்துச் சொன்னாரு: "ஒன்னும் இல்லன்டு நான் சொல்ல மாட்டேன். குடல்ட சுவர் நல்லம், அது மட்டும்தான் இதுல தெரியுது. ஆனா சாப்பிடுற எண்ணெய் அப்படியே வெளிய போகுதே, அது பொய் இல்லயே. எண்ணெயச் செமிக்க வைக்கிற நீர் கணையத்துல இருந்து வரணும். அது கொறஞ்சிருக்கும்ன்டு நினைக்கிறேன். அத ஸ்கேன் பண்ணிப் பாப்பம். கிடைக்கிற வரைக்கும் தேடுவோம்."

"கேன்சரா மாத்தயா?"ன்டு நான் கேட்டேன். எத்தனையோ மாசமா வீட்டுக்குள்ள ஒருத்தரும் சொல்லாத சொல்லு, என்ட வாயில இருந்துதான் வந்துச்சு.

"இந்த டெஸ்ட்ல அது தெரியாது நோனா. இது அதப் பாக்கிற டெஸ்டே இல்ல. கணையத்துல வீக்கமாகவும் இருக்கலாம். அப்படின்டா சாப்பாட்டோட குளிசை எடுத்தா ஒடம்பு தேறும். வேறயாகவும் இருக்கலாம். பாக்காம நான் ரெண்டையும் சொல்ல மாட்டேன்"ன்டாரு.

எங்கட மனுசன் அப்பதான் அழுதாரு. நானா மௌத்தான அன்டைக்கும் அழாத மனுசன், உனக்கு ஏதோ இருக்குன்டு ஒரு டொக்டர் சொன்ன சந்தோசத்துல தோள் குலுங்கக் குலுங்க அழுதாரு. டொக்டர் அவர்ட தோள்ல ஒரு கைய வெச்சுக்கொண்டே ஸ்கேனுக்கு எழுதித் தந்தாரு.

வீட்டுக்கு வந்து அஸ்ராவுக்கு எல்லாத்தையும் சொன்னோம். அவளும் அழுதாள், பிறகு வாப்பாவ நல்லா ஏசினாள். பொழுது பட்டு மஃரிபுக்குப் பாயப் போட்டுத் தொழுதோம், அவர் முன்னால, நானும் புள்ளயும் பின்னால. தொழுது முடிஞ்சு அவர் கைய ஏந்தினதும்தான் எனக்கு அது பட்டிச்சு. அந்த வாரம் முழுக்க, இதே பாயில இருந்து, அவருக்கு ஒன்னும் இல்லன்டு வரணும் யா அல்லாஹ்ன்டு நான் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கு முன்னால ரெண்டு முழத்துல இருந்து, ஒன்னும் இல்லன்டு வந்திரக்கூடாது யா அல்லாஹ்ன்டு அவர் கேட்டிருக்காரு.

"இன்டைக்கு என்ன கேட்டீங்க?"ன்டு முதுகுப் பக்கமா இருந்தே கேட்டேன்.

"ஒன்னும் கேக்கல்ல. என்ன கேக்குறதுன்டு தெரியல்ல"ன்டாரு. எனக்கும் தெரியல்ல. மூனு பேரும் வெறுங்கையத்தான் ஏந்திக்கொண்டு இருந்தோம்.